ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு வீடு வீடாக வாடிக்கை பிடிக்க ஆள் வைப்பது எப்படி?

பிரிட்டனில் ஜன்னல் துடைக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கம்பு, பிரஷ், தண்ணீர் டாங்க், வேன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் வீடு தேடுகிறார்கள். துடைக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். மாதாமாதம் திரும்பிப் போய்த் துடைக்க வீடுகள் வேண்டுமே! இந்தத் தொழிலில் சொத்து என்றால் அந்த வாடிக்கை வீடுகளின் வரிசைதான். இங்கே அதை 'ரவுண்டு' என்பார்கள்.

நான் லண்டனின் வடமேற்குப் பகுதியில், ஹாரோவுக்கும் ரைஸ்லிப்புக்கும் இடையில் வேலை செய்கிறேன். மெட்ரோபாலிடன் ரயில் பாதையை ஒட்டி, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கட்டிய வீடுகள் இங்கே அதிகம். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் 'செமி' வீடுகள், முன்பக்கம் வெளியே வளைந்து நிற்கும் பே ஜன்னல். ஒரு தெருவில் எட்டு வீடு பிடித்தால் வேனை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு அரை நாள் வேலை பார்க்கலாம்.

அப்படிப் பிடித்துத் தர வீடு வீடாகக் கதவு தட்டுகிறவரை கேன்வாசர் என்கிறார்கள். என் முதல் கேன்வாசருக்கு, வீட்டுக்காரர் ஆர்டர் சீட்டில் போடும் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று பேசி, அன்றன்றைக்கே காசு கொடுத்தேன். ஆர்டர்கள் கொட்டின. மூன்றாவது சுற்றில் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் விலகிவிட்டிருந்தன. மிச்சமிருந்ததும் நான்கு ஊர்களில் சிதறிக் கிடந்தது. சிலரிடம் முதல் முறை இலவசம் என்று சொல்லப்பட்டிருந்தது. ஒரு பாட்டியம்மாவுக்கு, தான் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியவில்லை. தப்பு என்னுடையது. கையெழுத்துக்குக் காசு கொடுத்தேன், கையெழுத்து கிடைத்தது. நிலைத்து நிற்கும் வாடிக்கைக்குக் காசு கொடுத்திருக்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டு கடைப்பிடிப்பவை.

முதலில் நீங்களே தட்டுங்கள்

ஆள் தேடுவதற்கு முன் குறைந்தது இருநூறு கதவுகளை நீங்களே தட்டிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் தெருவில் கதவு திறக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்த விலைக்கு முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியாவிட்டால் இன்னொருவருக்கு எதைச் சொல்லித் தருவீர்கள்? மாலை முழுக்க அலைந்தும் ஒரு ஆர்டர்கூட இல்லை என்று அவர் வந்து நின்றால், அது தெருவின் குணமா அவருடைய குறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கூடவே விலைப்பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு படுக்கையறை வரிசை வீடு, மூன்று படுக்கையறை செமி, தனி வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பின்பக்கக் கண்ணாடி அறை இருந்தால் இவ்வளவு கூட, கூரை ஜன்னலுக்கு இவ்வளவு கூட. நான்கு வாரத்துக்கு ஒரு முறைக்கும் எட்டு வாரத்துக்கு ஒரு முறைக்கும் தனித்தனி விலை. பல நாள் அழுக்கு இருக்கும் என்பதால் முதல் முறை அதிகம் வாங்குவது வழக்கம், அதையும் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத வீடு என்றால் கேன்வாசர் விலை சொல்லக் கூடாது, 'உரிமையாளர் வந்து பார்த்துச் சொல்வார்' என்று குறித்துக்கொண்டு வர வேண்டும்.

அப்புறம் வரைபடம். எந்தத் தெருக்கள் வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இருபது வீடு இருபது இடத்தில் இருந்து, வீட்டுக்கு வீடு பத்து நிமிடம் வேன் ஓட்டினால் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். நான் ஒரு வாரத்துக்கு ஆறு தெருக்கள்தான் கொடுப்பேன். அதற்கு வெளியே பிடித்த ஆர்டருக்கு ஊக்கத்தொகை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றங்கள் ஜன்னல் துடைப்பவர்களிடம் உரிமம் கேட்கலாம். உங்கள் மன்றத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். இங்கிலாந்தில் அப்படி உரிமம் தேவையில்லை.

யாரை வைப்பது, எந்தக் கணக்கில் வைப்பது

பேச்சுத் திறமையை மட்டும் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். எனக்கு நன்றாக அமைந்தவர்கள் அறக்கட்டளைகளுக்காக வீடு வீடாக நன்கொடை கேட்டவர்கள், பார்சல் கொண்டு போய்க் கொடுத்தவர்கள். 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டு வாடிப்போகாதவர், 'வேண்டாம்' என்றதும் நன்றி சொல்லி நகர்கிறவர், எழுதுவதைத் தெளிவாக எழுதுகிறவர். இவ்வளவு போதும். தமிழ்க் கடை அறிவிப்புப் பலகை, தெரிந்தவர்கள், உள்ளூர் முகநூல் குழு இவற்றிலேயே ஆள் கிடைக்கும்.

இங்கேதான் நம் ஆட்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்க வந்த ஒரு தம்பியையோ தங்கையையோ, 'சுயதொழில் மாதிரி செய், ஆர்டருக்கு இவ்வளவு' என்று சொல்லி இறக்கிவிடுகிறோம். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யவே கூடாது. பட்டப்படிப்பு மாணவர் என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம், ஆனால் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியராக மட்டும்தான். உதவி செய்வதாக நினைத்து நாம் கொடுக்கும் கமிஷன் வேலை அவர் விசாவையே பறித்துவிடக்கூடும். அப்பா அம்மா கடன் வாங்கி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

யாராக இருந்தாலும், ஊழியராக எடுப்பதற்கு முன் இங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசாவில் இருப்பவர் தன் 'ஷேர் கோடு' எண்ணை, அதாவது தன் வேலை உரிமையைப் பிறர் சரிபார்க்க அரசு தரும் குறியீட்டை, உங்களிடம் தருவார். பிறந்த தேதியோடு அதை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்து, வரும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். உரிமையில்லாதவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரி முதல் முதல் முறைக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம்.

சரி, குடியுரிமை உள்ளவரைச் சுயதொழில் என்று வைத்துக்கொள்ளலாமா? எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்கிறீர்கள் என்றால், காகிதத்தில் 'சுயதொழில்' என்று எழுதினாலும் சட்டம் அவரை உங்கள் வேலையாளாகவே பார்க்க வாய்ப்பு அதிகம். அப்போது குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். 21 வயதானவருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரல் முதல் 12.71 பவுண்டு. ஆர்டரே வராத நாளுக்கும் அது உண்டு. விடுப்புச் சம்பளமும் உண்டு. ஒழுங்கற்ற நேரத்தில் வேலை செய்பவருக்கு, உழைத்த மணிகளில் 12.07 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். ஊழியர் என்று ஒருவரை வைத்துவிட்டால், வேலையில் அவருக்கு அடிபட்டால் நீங்கள் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கான காப்பீடும் கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. அது இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

இதையெல்லாம் படித்துப் பயந்துவிட வேண்டாம். மணிக் கூலியும் ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொடுக்கும் முறை சட்டத்துக்கும் சரி, தொழிலுக்கும் நல்லது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மணிக்கு 13 பவுண்டு, மாலையில் நான்கு மணி நேரம்: 52 பவுண்டு. அன்று நான்கு வீடு பிடித்தார் என்றால் வீட்டுக்கு 13 பவுண்டு. அந்த வீட்டை நீங்கள் *இரண்டாவது முறை* துடைத்துக் காசு வாங்கியதும் வீட்டுக்கு 10 பவுண்டு ஊக்கத்தொகை. ஆக ஒரு வீட்டுக்கு 23 பவுண்டு. ஒரு முறைக்கு 16 பவுண்டு கொடுக்கும் வீடு நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை, 208 பவுண்டு. எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஏறத்தாழ நூறு. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

அந்த ஊக்கத்தொகையை முதல் துடைப்புக்கே கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். ஒரே ஒரு முறை சுத்தம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, 'வாடிக்கை' என்று தலையாட்டுகிறவர்கள் நிறைய. அவர்கள் முதல் முறைக்குப் பிறகு நின்றுவிடுவார்கள். இரண்டாவது முறையும் கதவைத் திறந்தவர் பெரும்பாலும் தங்குவார். அதற்காக மொத்தத்தையும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் கேன்வாசர் எப்படிச் சாப்பிடுவார்? அதனால்தான் கூலி வாரா வாரம், ஊக்கம் மட்டும் பின்னால். எந்த வீடு எந்தத் தேதியில் இரண்டாம் துடைப்புக்கு வந்தது என்று அவர் பார்க்கும்படி ஒரு பட்டியலைப் பகிர்ந்து வையுங்கள். காசு விஷயத்தில் அவர் உங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும்படி விடாதீர்கள்.

ஆர்டர் பிடித்துத் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆள் எடுக்கும் தலைவலி இல்லை. ஆனால் இரண்டாம் துடைப்புக்கு முன் விலகும் வீட்டுக்கு மாற்று வீடு தருவோம் என்று எழுத்தில் கொடுக்காதவர்களிடம் போகாதீர்கள்.

வாசலில் என்ன பேச வேண்டும்

கேன்வாசர் வாசலில் கொடுக்கும் வாக்கு உங்கள் கடன். அவர் 'ஃபிரேமும் சேர்த்துத்தான்' என்று சொல்லிவிட்டால் நீங்கள் ஃபிரேமையும் துடைத்தாக வேண்டும். எனவே முதல் இரண்டு மாலை நீங்களும் கூடவே நடங்கள். முதல் மாலை நீங்கள் பேசுங்கள், அவர் பார்க்கட்டும். மறுநாள் அவர் பேசட்டும்.

பேச்சு நீளமாக இருக்க வேண்டாம். கதவு திறந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பெயரும் தொழிலின் பெயரும் சொல்லி, 'இன்று எதிர் வரிசையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு ஏற்கனவே யாராவது வருகிறார்களா?' என்று கேட்டால் போதும். இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திறக்கும். ஆள் வருகிறார், நன்றாகச் செய்கிறார் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். இன்னொருவர் வயிற்றில் அடித்து விலையைக் குறைத்துப் பிடித்த வீடு அடுத்தவர் குறைக்கும்போது அங்கே போய்விடும். 'வந்துகொண்டிருந்தார், இப்போது காணோம்' என்பார்கள் சிலர். அவர்கள்தான் நமக்கான வீடு. பழகிய சேவை நின்றுபோன வருத்தத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் விலையைவிட 'எட்டு வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வருவோம், முதல் நாள் இரவே குறுஞ்செய்தி அனுப்புவோம்' என்பதுதான் எடுபடும்.

அடுத்து கட்டாயம் வரும் கேள்வி: 'உலரத் துடைக்காமல் ஈரமாகவே விட்டுப் போவீர்களாமே?' நீளமான கம்பின் வழியே சுத்திகரித்த தண்ணீர் விட்டுத் துடைப்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். நம் ஊரில் உப்புத் தண்ணீர் பிடித்த வாளியில் வெள்ளையாகக் கறை படியும் இல்லையா, லண்டன் குழாய்த் தண்ணீரும் அப்படிக் கடினமானதுதான். நாம் கொண்டுவரும் தண்ணீரில் அந்த உப்புகளை எடுத்துவிடுகிறோம், அதனால் காய்ந்தால் கறை இருக்காது. இதை மூன்று வரியில் சொல்லக் கேன்வாசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை மட்டும் ஃபிரேமுக்குள் தங்கிய அழுக்கு வடிந்து சில புள்ளிகள் வரக்கூடும் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அது விளக்கம், பிறகு சொன்னால் சாக்கு.

இனி, செய்யக் கூடாதவை. 'கதவு தட்டி விற்பவர்கள் வேண்டாம்' என்ற ஸ்டிக்கர் இருந்தால் அந்த வீட்டைத் தட்டக் கூடாது. சில தெருக்களையே உள்ளூராட்சி மன்றங்கள் அப்படி அறிவித்திருக்கும். முன்பே பார்த்து வரைபடத்தில் அடித்துவிடுங்கள். போகச் சொன்ன பிறகும் நிற்பதும், வர வேண்டாம் என்ற பிறகு திரும்பி வருவதும் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் கதவைத் திறந்தால் பெரியவர்களைக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் வந்துவிட வேண்டும். வயதானவர் குழம்புகிறார் என்று தோன்றினால் உங்கள் தொலைபேசி எண் உள்ள சீட்டை மட்டும் கொடுத்து, 'பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்' என்று சொல்லி வர வேண்டும். இதற்காக நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: அப்படிக் கையெழுத்து வாங்காமல் வந்த வீட்டை அவர் குறித்துவைத்தால், பின்னால் அந்தக் குடும்பம் அழைக்கும்போது ஊக்கத்தொகை அவருக்கே.

வாசலில் பணமோ வங்கி விவரமோ வாங்கவே கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் வரும் டைரக்ட் டெபிட் முறைக்கான இணைப்பை நீங்கள் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். வீட்டுக்குள் கால் வைக்கவும் கூடாது. தனியாக நடக்கிற ஆள் அவர். தொடங்கும்போது, நடுவில், முடிக்கும்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் நீங்கள் அழைக்க வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. வார நாட்களில் மாலை நான்கிலிருந்து ஏழரை வரை, சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒன்று வரை. ஞாயிறு வேண்டாம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் வைத்த பிறகு மாலை வேலை கஷ்டம்; டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் தெரியாத முகம் வந்து கதவைத் தட்டுவதை யாரும் விரும்புவதில்லை.

கையெழுத்துக்குப் பிறகு

ஆர்டர் சீட்டில் இருக்க வேண்டியவை: பெயர், முகவரி, தொலைபேசி எண், வாடிக்கை விலை, முதல் முறை விலை, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, பக்கவாட்டுக் கேட் பூட்டியிருக்குமா, நாய் உண்டா, சொந்த வீடா வாடகையா, கண்ணாடி அறை இதில் சேர்த்தியா. கேட் பற்றி எழுதாமல் விட்டுவிட்டு, வேனை நிறுத்திய பிறகு பின்பக்கம் போக முடியாமல் நின்ற நாட்கள் எனக்கு நிறைய.

வீட்டு வாசலில் வாங்கிய ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வாடிக்கையாளருக்கு 14 நாள் உரிமை உண்டு. 2013ஆம் ஆண்டு விதிகள் 42 பவுண்டு வரையுள்ள ஒப்பந்தங்களுக்கு விலக்கு தருகின்றன. ஆனால் மாதாமாதம் தொடரும் வேலையில் மொத்தம் அதைத் தாண்டிவிடும் என்பதால், எல்லோருக்கும் ரத்து உரிமைச் சீட்டைக் கொடுப்பதே பாதுகாப்பு. கொடுக்காமல் விட்டால் அந்தக் காலம் ஒரு வருடம் வரை நீளலாம், அதுவே குற்றமாகவும் ஆகலாம். 14 நாள் முடியும் முன்பே வந்து துடைக்கச் சொன்னால், 'நானே கேட்டுக்கொள்கிறேன்' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் துடைத்த பிறகு அவர் ரத்துசெய்தாலும் காசு கேட்க முடியாது.

மறுநாள் காலை நீங்களே ஒவ்வொரு புது வீட்டையும் அழைத்து, விலையும் இடைவெளியும் சொல்லி உறுதிசெய்யுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். தப்பான வாக்கு எதுவும் கொடுக்கப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மனம் மாறியவர்களும் அப்போதே சொல்லிவிடுவார்கள், ஒரு பயணம் மிச்சம்.

வாரக் கடைசியில் கேன்வாசரோடு உட்கார்ந்து நான்கு எண்ணிக்கை பாருங்கள்: தட்டிய கதவு, பேசிய ஆள், எழுதிய ஆர்டர், இரண்டாம் துடைப்பைத் தாண்டி நிற்கும் வீடு. கடைசி எண்ணைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஒரு மாலைக்கு இரண்டே ஆர்டர் எழுதி இரண்டும் தங்குகிறதென்றால் அவரை விட்டுவிடாதீர்கள். எட்டு எழுதி ஆறு விலகுகிறதென்றால் திட்டாமல் இன்னொரு மாலை அவரோடு நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியத்தில் ஏதோ அதிகமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

புது வீட்டுக்கு முதல் துடைப்புக்கு மூன்று வாரத்துக்குள் போக முடியாத நிலை வந்தால் கதவு தட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஆசையாகக் கையெழுத்துப் போட்டவர் ஒன்றரை மாதம் காத்திருக்க மாட்டார். நிறுத்துவதைக் கேன்வாசரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், அவர் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும். போகும்போது 'இப்போது வேண்டாம், குளிர்காலம் போகட்டும்' என்று சொன்ன வீடுகளின் பட்டியலை அவரிடமிருந்து வாங்கி வையுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியதும், அவரையே திரும்ப அழைத்து, முதலில் தட்டச் சொல்ல வேண்டிய கதவுகள் அவை.